மருந்து கேட்கிறதா என்பதை ஸ்கேன் எப்போது சொல்லும்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்று, நான்காம் நிலை. மரபணுச் சோதனையில் மாத்திரை கொடுக்கும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்றார்கள். 21 நாளைக்கு ஒருமுறை கார்போபிளாட்டினும் பெமெட்ரெக்செட்டும் ஏற்றுகிறார்கள். சிகிச்சைக்கு முன் மதுரையில் ஒரு பெட் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு சுற்று கீமோ முடிந்து 19ஆம் நாள் திருச்சியில் இன்னொன்று எடுத்தோம். கட்டி 52 மி.மீ.யிலிருந்து 47 ஆகியிருக்கிறது. நெஞ்சுக்கூட்டு நிணநீர் முடிச்சு 18 மி.மீ.யிலிருந்து 13. எஸ்.யு.வி. 12.6லிருந்து 9.1. ‘வளர்சிதை மாற்ற அளவில் பகுதி முன்னேற்றம், உருவ அளவில் நிலையான நோய்’ என்று எழுதியிருக்கிறார்கள். இடுப்புப் பகுதி மூன்றாவது முள்ளெலும்பில் புதிதாக ஒரு வெண்மை இருப்பதாகவும் ஒரு வரி இருக்கிறது. “கட்டி அப்படியேதான் கிடக்கு, எலும்புக்கும் போயிடுச்சு, மருந்தை மாத்தச் சொல்லு” என்கிறார் சித்தப்பா. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் எடை 71 கிலோவிலிருந்து 65க்கு வந்துவிட்டது. எதை நம்புவது? ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் பெட் எடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடாதா? அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அடுத்த ஸ்கேனுக்கு மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா? (இரண்டு ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறேன்.)

பதில்: சித்தப்பா சொல்வதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டிலும் நோய் வளர்ந்துவிட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அதற்காக 12.6 என்பது 9.1 ஆனதை அப்படியே முன்னேற்றக் கணக்கில் வரவு வைக்கவும் முடியாது. இரண்டு ஸ்கேனும் எடுக்கப்பட்ட விதம் வேறு வேறு. எண்களை ஒப்பிடுவதற்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அளவிலிருந்து தொடங்கலாம். ‘நிலையான நோய்’ என்பதைக் கேட்டால் மருந்து கேட்கவில்லை என்றுதான் காதில் விழும். ஆனால் அது ஒரு அளவுகோலின் நடுக்கட்டம் மட்டுமே. 2009இல் திருத்தப்பட்டு உலகெங்கும் புழங்கும் ரெசிஸ்ட் முறையில், ஓர் உறுப்புக்கு இரண்டு, மொத்தம் ஐந்துக்கு மிகாமல் கட்டிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். கட்டி என்றால் அதன் மிக நீண்ட விட்டம், நெறி என்று நாம் சொல்லும் நிணநீர் முடிச்சு என்றால் அதன் குறுகிய விட்டம், எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு தொகை வரும். உங்கள் அப்பாவுக்கு முதலில் 52 + 18 = 70. இப்போது 47 + 13 = 60. குறைவு 14%. ‘பகுதி முன்னேற்றம்’ என்ற பெயர் கிடைக்க 30% குறைய வேண்டும், அதாவது தொகை 49க்கு இறங்க வேண்டும். ‘வளர்ச்சி’ என்று சொல்ல, இதுவரை எட்டிய மிகக் குறைந்த தொகையிலிருந்து 20% ஏற வேண்டும், அந்த ஏற்றம் 5 மி.மீ.க்காவது இருக்க வேண்டும். அப்படியென்றால் இப்போதைக்கு உங்கள் வீட்டில் நினைவில் வைக்க வேண்டிய எண் 72. அதைத் தொடாதவரை, புதிய கட்டியும் முளைக்காதவரை, அளவின் பேரில் மருந்தை மாற்றக் காரணம் இல்லை. முடிச்சு 13 மி.மீ. ஆனதும் நல்ல சேதிதான். குறுகிய விட்டம் 10 மி.மீ.க்குக் கீழே போனால் அதை இயல்பான முடிச்சாகவே கணக்கில் எடுப்பார்கள்.

இந்த வரம்புகள் ஏன் இவ்வளவு அகலமாக இருக்கின்றன? நுரையீரல் புற்று நோயாளிகளை ஒருமுறை சி.டி. (பெட்டோடு சேர்த்து எடுக்கும், உருவ அளவைக் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன்) எடுத்து, மேசையிலிருந்து இறக்கி, 15 நிமிடத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் எந்தக் கட்டியும் வளரவோ சுருங்கவோ போவதில்லை. ஆனாலும் விட்டம் ஓரிரு மி.மீ. மாறியது, 10% வரை ஏற்ற இறக்கம் வந்தது. மூச்சை எவ்வளவு ஆழமாக இழுத்துப் பிடித்தார், கட்டியின் ஓரம் எங்கே முடிகிறது என்று அளப்பவர் முடிவு செய்தார் என்பதெல்லாம் இதில் சேரும். ஆகவே 52 என்பது 47 ஆனதை மட்டும் தனியே வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது 9.6%தான். முடிச்சும் கூடவே சுருங்கியிருப்பதால்தான் நம்பிக்கை கொஞ்சம் கூடுகிறது. உருண்டையான கட்டியாக இருந்தால் இந்த விட்டக் குறைவு கன அளவில் கால் பங்குக்குச் சமம். இப்படிக் கணக்குப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்பவர்கள் உண்டு. விட்டத்தில் இருக்கும் பிழையும் அதே கணக்கில் பெருகும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டி மூச்சுக்குழாயை அடைத்து அதற்கு அப்பாலுள்ள நுரையீரல் சுருங்கிக் கிடந்தால், கட்டி எது, சுருங்கிய நுரையீரல் எது என்று சி.டி.யில் பிரித்தறிவது கடினம். முதல் ரிப்போர்ட்டில் ‘இடது மேல் மடல் பகுதியளவு சுருக்கம்’ என்று இருக்கிறது, இரண்டாவதில் அந்த வரி இல்லை. அடைப்பு திறந்து மடல் மறுபடி விரிந்திருந்தால் இருமல் குறைந்ததற்கும் அது பொருந்தும். முதலில் எழுதிய 52இல் சுருங்கிய நுரையீரலின் பங்கும் சேர்ந்துவிட்டதா என்று ரேடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். ரிப்போர்ட்டை மட்டும் நீட்டிக் கேட்டால் பதில் வராது. இரண்டு ஸ்கேனின் படங்களும் உள்ள வட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சி.டி. ஸ்கேனின் சி.டி. வட்டைத் தொலைப்பதுபோல் எளிதான காரியம் வேறில்லை. அதனால் இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இனி எஸ்.யு.வி. பெட் ஸ்கேனில் ஏற்றும் மருந்து, ஃபுளோரின்-18 ஒட்டிய ஒருவகைக் குளுக்கோஸ். பசியோடிருக்கும் செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சாதாரணக் குளுக்கோஸைப் போல அதை முழுதாக எரிக்க அவற்றால் முடியாது, அதனால் அது உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. எவ்வளவு சிக்கியது என்பதை, ஏற்றிய அளவோடும் உடல் எடையோடும் ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் எஸ்.யு.வி. சிகிச்சையில் கட்டியின் உருவம் சுருங்குவதற்கு முன்பே இந்தப் பசி அடங்கிவிடக்கூடும். செத்த செல்களையும் நார்த்திசுவையும் உடல் அப்புறப்படுத்த வாரக்கணக்கில் ஆகும், சர்க்கரை உறிஞ்சுவது நிற்க அவ்வளவு நாள் வேண்டாம். ‘முன்கூட்டியே தெரியும்’ என்பதற்கு அடிப்படை இதுதான், அது சரியான அடிப்படையும்கூட. 2003இல் ஜெர்மனியின் மியூனிக்கில், முற்றிய நிலை நுரையீரல் புற்று உள்ள 57 பேருக்கு முதல் சுற்றுக் கீமோவுக்கு முன்னும் பின்னும் பெட் எடுத்தார்கள். எஸ்.யு.வி. 20%க்கு மேல் குறைந்தவர்களுக்கு நோய் மீண்டும் வளரச் சராசரியாக 163 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 54 நாள்.

உங்கள் அப்பாவின் எண்ணுக்கு வருவோம். 12.6லிருந்து 9.1 என்றால் 28% குறைவு. 1999இல் ஐரோப்பியக் குழு வகுத்த அளவுகோலில், ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுக்குப் பின் 25% தாண்டினால் ‘பகுதி முன்னேற்றம்’. ரிப்போர்ட் எழுதியவர் இதைத்தான் பின்பற்றியிருக்கிறார். 2009இல் வந்த பெர்சிஸ்ட் அளவுகோலில் 30% வேண்டும். அங்கே உச்சப் புள்ளி ஒன்றை மட்டும் பார்க்காமல், 1 கன செ.மீ. உருண்டைக்குள் உள்ள சராசரியை, கொழுப்பு நீக்கிய எடைக்குத் திருத்தி எடுப்பார்கள். அந்தக் கோலில் இதே நோயாளி ‘நிலையான நோய்’. கட்டி ஒன்றுதான், அளக்கும் கோலுக்கு ஏற்ப அதற்கு இரண்டு பெயர். எந்த அளவுகோல் என்று ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் உங்கள் வீட்டில் பாதி சண்டை வந்திருக்காது. இதை எழுதாமல் விடுவது ரிப்போர்ட் எழுதுபவர்களின் தவறு, உங்களுடையது அல்ல.

இதைவிட முக்கியமான சங்கதி ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கிறது. மதுரையில் ஊசி போட்டு 62 நிமிடத்தில் ஸ்கேன் தொடங்கியிருக்கிறது, அப்போது சுகர் 118. திருச்சியில் 94 நிமிடம், சுகர் 186. இந்த இரண்டும் எண்ணை எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. காத்திருக்கும் நேரம் கூடக் கூட, கட்டி மருந்தை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போகும், எஸ்.யு.வி. ஏறும். அந்த வகையில் பார்த்தால் உண்மையான குறைவு 28%ஐவிட அதிகமாக இருக்கலாம். சுகர் கூடினாலோ, சாதாரணக் குளுக்கோஸ் போட்டிக்கு வந்து மருந்தை உள்ளே விடாது, எஸ்.யு.வி. இறங்கும். அந்த வகையில் குறைவின் ஒரு பகுதி பொய். மூன்றாவதாக எடை. கணக்கில் எடை ஒரு பெருக்கல் எண். கொழுப்பு இந்த மருந்தை அதிகம் இழுப்பதில்லை. ஆகவே கரைந்த 6 கிலோவில் கொழுப்பு கணிசமாக இருந்தால், கட்டியில் எந்த மாற்றமும் இல்லாமலே எண் சில விழுக்காடு கீழே வரும். இவற்றை ஒன்றோடொன்று கழித்துச் சரிக்கட்டிச் சரியான எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. பெர்சிஸ்ட் விதிப்படி இரண்டு ஸ்கேனின் காத்திருப்பு நேரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது, இங்கே 32 நிமிட வித்தியாசம். இயந்திரமும் வேறு. விதி கறாராகப் பார்ப்பவர் இந்த இரண்டையும் எண்ணளவில் ஒப்பிடவே மாட்டார்.

ஒப்பிட ஒரு கைத்தாங்கல் உண்டு. நோயில்லாத கல்லீரலின் வலப்பக்கத்தில் 3 செ.மீ. உருண்டை ஒன்றைக் குறித்து, அதன் சராசரியை இரண்டு ஸ்கேனிலும் அளக்கச் சொல்லுங்கள். போட்ட மருந்தில் கொஞ்சம் கை நரம்பிலேயே கசிந்துவிட்டதா, எடையைத் தவறாகப் பதிந்தார்களா, கடிகாரம் பிசகா என்பதெல்லாம் அங்கே வெளிப்படும். கல்லீரல் எண் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து கட்டி மட்டும் மங்கியிருந்தால், எண்ணை நம்பலாம் என்றில்லாவிட்டாலும் போகும் திசையை நம்பலாம். 19ஆம் நாள் எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். கீமோவுக்குப் பிறகு குறைந்தது 10 நாளாவது விட்டு, அடுத்த சுற்றுக்குச் சற்று முன் எடுப்பதே முறை.

எலும்பில் தெரிந்த வெண்மையைப் பற்றித்தான் அதிகம் பயந்திருக்கிறீர்கள், அதைப் பற்றித்தான் நான் குறைவாகக் கவலைப்படுகிறேன். எலும்புக்குள் இருக்கும் புற்று மருந்துக்குக் கட்டுப்படும்போது, அரித்த இடத்தை உடல் புது எலும்பால் பூசி அடைக்கும். சி.டி.யில் அது வெள்ளையாகத் தெரியும். சிகிச்சைக்கு முன் அந்த இடம் எலும்பு மஜ்ஜைக்குள் மறைந்திருந்ததால் சி.டி.யில் எதுவும் தெரிந்திருக்காது, ஆறும்போதுதான் கண்ணுக்குப் படுகிறது. புதிதாக வந்ததுபோல் தோற்றம் தருவது இதனால்தான். சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் இது நன்கு அறிமுகமான ஒரு குழப்பம். எலும்பைப் பலப்படுத்த சோலெட்ரானிக் அமிலம் போட்டிருந்தால் இன்னும் அழுத்தமாகத் தெரியும். எலும்பை மட்டும் பார்க்கும் பழைய வகை போன் ஸ்கேனிலும் இதே கதைதான், ஆறும் எலும்பு அங்கே இன்னும் பிரகாசமாக எரியும்.

இதைத் தீர்க்கும் வழி மதுரை ஸ்கேனிலேயே இருக்கிறது. அதே முள்ளெலும்பில் அப்போது பெட் மருந்து ஏறியிருந்து, இப்போது அது அணைந்து வெண்மை மட்டும் மிஞ்சியிருந்தால், அது ஆறிவரும் புண்ணின் தழும்பு. அப்போதும் இப்போதும் ஏற்றமே இல்லையென்றால் புற்றோடு தொடர்பில்லாத எலும்புத் திட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மாறாக இப்போது ஏற்றம் இருந்து, எலும்பு அரிக்கப்பட்டு, சுற்றிலும் சதைபோல ஏதாவது தெரிந்தால் அது வேறு கதை, முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. தேவைப்படும். ஸ்கேன் எதைச் சொன்னாலும், முதுகுவலி திடீரென்று கூடினாலோ, கால் பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் நின்றாலோ கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த ஓ.பி. நாள்வரை காத்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு சுற்றுக்கும் பெட் எடுக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். செலவு ஒரு காரணம், அதுவே முதல் காரணம் அல்ல. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றில் இரண்டு சுற்றுக்குப் பின் பெட் எடுத்து, அதன்படி மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நடைமுறையில் இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு நுரையீரல் புற்று நோயாளிகளின் வீட்டாரும் கேட்கிறார்கள். ஆனால் நுரையீரல் புற்றில் மியூனிக் ஆய்வு காட்டியது, யார் நன்றாக இருப்பார்கள் என்பதை பெட் முன்கூட்டிச் சொல்லும் என்பதை மட்டுமே. அதைப் பார்த்து உடனே மருந்தை மாற்றினால் நோயாளி கூடுதல் காலம் வாழ்வார் என்பது அந்த ஆய்வு காட்டாத இன்னொரு விஷயம். உங்கள் அப்பாவுக்கு அடுத்து கொடுக்கக்கூடிய மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை, ஒரு பிசகான எண்ணை நம்பித் தூக்கியெறிந்தால் அதைத் திரும்ப எடுப்பது எளிதல்ல. அதோடு பெட் புற்றை மட்டும் காட்டுவதில்லை. காசநோய், நிமோனியா, கதிர்வீச்சுக்குப் பிறகான நுரையீரல் அழற்சி எல்லாம் படத்தில் எரிவதுபோல் ஒளிரும். கீமோவுக்குப் பிறகு வெள்ளணுக்களைக் கூட்டப் போடும் ஊசி எலும்பு மஜ்ஜை முழுவதையும் எரியவைக்கும். நம் ஊரில் காசநோய் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு முடிச்சு புதிதாக எரிந்தால் அது புற்று என்று முடிவு கட்டுவதற்கு முன் ஊசி வழியே திசு எடுத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

பெட் உண்மையில் கைகொடுக்கும் இடங்கள் வேறு. சுருங்கிய நுரையீரலுக்குள் கட்டியைத் தேடும்போது, கதிர்வீச்சுத் தழும்புக்குள் நோய் மீண்டும் கிளம்புகிறதா என்று பார்க்கும்போது, சி.டி.யும் நோயாளியின் உடல்நிலையும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது. கதிர்வீச்சு என்றால் முடிந்து 8லிருந்து 12 வாரமாவது பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். மூளைக்கு பெட் உதவாது, ஏனென்றால் மூளை எப்போதும் குளுக்கோஸில் எரிந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும்.

வேறு சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெஃபிட்டினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகளில் பெட்டின் ஒளி சில நாட்களிலேயே மங்கக்கூடும், சில கட்டிகள் வெளிவிட்டம் மாறாமல் உள்ளே குழிவிழுந்து காலியாகும். பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்தில் சில வேளை கட்டி பெரிதானதுபோலக் காட்டிப் பிறகு சுருங்கும். அதற்காகவே 2017இல் வந்த ஐ-ரெசிஸ்ட் முறை, வளர்ச்சியை 4லிருந்து 8 வாரம் கழித்து இன்னொரு ஸ்கேனில் உறுதி செய்யச் சொல்கிறது. நுரையீரல் புற்றில் இந்தப் பொய் வளர்ச்சி அரிது. மூச்சுத்திணறல் கூடி நோயாளி தளர்ந்துகொண்டே போனால் அது பொய்யாக இருக்கும் என்று காத்திருக்கக் கூடாது.

உங்கள் அப்பாவுக்கு அடுத்த ஸ்கேன் நான்காவது சுற்றுக்குப் பிறகு போதும். நெஞ்சும் மேல்வயிறும் சேர்த்து, அட்ரீனல் சுரப்பிகள் வரை வரும்படி, கான்ட்ராஸ்ட் என்ற சாயமருந்தை ஏற்றி சி.டி. எடுத்தாலே கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை அந்த வாரமே பார்த்துவிடுங்கள். பெமெட்ரெக்செட்டுக்கும் அது தேவைப்படும் சோதனைதான். படத்துண்டின் தடிமன் 5 மி.மீ.க்கு மிகக் கூடாது, 1 முதல் 3 மி.மீ. இருந்தால் நல்லது. பெட்தான் வேண்டும் என்று உங்கள் புற்றுநோய் மருத்துவர் சொன்னால் திருச்சியில் அதே இயந்திரத்திலேயே எடுங்கள். இனி உங்கள் அடித்தளம் அதுதான். ஆனால் நேரத்தை 60 நிமிடத்துக்குக் கொண்டுவர வேண்டுமா, 94ஐயே திரும்பச் செய்ய வேண்டுமா என்பதை அணு மருத்துவரிடம் முன்பே பேசி முடிவெடுங்கள். என்னைக் கேட்டால் எண் ஒப்பீட்டுக்கு 94க்கு அருகிலேயே வைப்பேன்.

முந்தின நாள் மாடிப்படி ஏறி இறங்கும் கடும் வேலை வேண்டாம். 6 மணி நேரம் வெறும் வயிறு, வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். ஊசிக்குப் பிறகு குளிராத அறையில், போர்வை போர்த்தி, பேசாமல் படுத்திருக்க வேண்டும். குளிர்ந்தால் கழுத்தின் பழுப்புக் கொழுப்பு எரியும், பேசினால் குரல்வளைத் தசைகள் எரியும். இரண்டும் கழுத்து நெறிகளோடு குழப்பும். கீமோவை ஒட்டி மூன்று நாள் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சுகரை ஏற்றிவிடும் என்பதால் அந்த நாட்களில் தேதி வாங்காதீர்கள்.

கடைசியாக மெட்ஃபார்மின். அது பெட் படத்தில் குடலை பளிச்சென்று ஒளிரவைக்கும், நுரையீரலை அல்ல. உங்கள் அப்பாவுக்கு நாம் பார்க்க வேண்டிய இடங்கள் நெஞ்சும் எலும்பும் என்பதால் ஒப்பீட்டை அது பெரிதாகக் கெடுக்காது. வயிற்றில் எதையாவது தேட வேண்டியிருந்தால் மட்டும் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். சி.டி. கான்ட்ராஸ்டுக்காக நிறுத்த வேண்டுமா என்பது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்களாகவே நிறுத்தி, ஸ்கேன் அன்று காலை சுகர் 200ஐத் தாண்டினால் ஊசி போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிறுத்தச் சொன்னால், அந்த இரண்டு நாளுக்கு என்ன மாற்று என்பதையும் அதே மூச்சில் சர்க்கரை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினாக இருந்தால், விரைவாக வேலை செய்யும் வகையை ஊசிக்கு முந்தைய 4 மணி நேரத்தில் போடக் கூடாது. மருந்து கட்டியைத் தேடிப் போகாமல் தசைகளுக்குள் போய்விடும்.